ஒரே கான்டெக்ஸ்டில் எல்லா ஸ்டேட்டும்: தேடல் பெட்டியில் ஒரு எழுத்து அடித்தால் முழுத் திரையும் ரீரெண்டர் ஆகிறது, எப்படிப் பிரிப்பது?

மேசைவிளக்கு கேட்டது:

ரியாக்ட் 18, டைப்ஸ்கிரிப்ட். சரக்கு இருப்பைப் பார்க்கவும் திருத்தவும் ஒரு நிர்வாகத் திரை. மொத்தம் 40 காம்பொனென்ட் அளவில் இருக்கும். ஆப் ப்ரொவைடர் என்று ஒரே ஒரு கான்டெக்ஸ்ட் (கீழே உள்ள எந்தக் காம்பொனென்டும் நேரடியாகப் படிக்கக்கூடிய பகிர்வு). அதற்குள் யூஸ்ஸ்டேட்டில் (மாறினால் காம்பொனென்டை மறுபடி ஓட்டும், அதாவது ரெண்டர் செய்யும், மதிப்பு) ஒரே பெரிய ஆப்ஜெக்ட். அந்த ஆப்ஜெக்டில் இருப்பவை: உள்நுழைந்த பயனர், தீம், சர்வரிலிருந்து வரும் பொருள் பட்டியல் (சுமார் 2,000 வரிசை), தேடல் சொல், வகை ஃபில்டர், பக்க எண், டிக் செய்த வரிசைகள், பக்கவாட்டில் திறந்திருக்கும் பொருள், மோடல் திறந்திருக்கிறதா, அறிவிப்புகள்.

சிக்கல்கள் மூன்று.

தேடல் பெட்டியில் தட்டும்போது எழுத்து தாமதித்து வருகிறது. ப்ரொஃபைலரில் பார்த்தால் தலைப்புப் பட்டை உட்பட எல்லாமே ஒவ்வொரு எழுத்துக்கும் ரெண்டர் ஆகின்றன. எல்லாவற்றையும் ரியாக்ட் மெமோவில் (உள்ளீடு மாறாவிட்டால் ரெண்டரைத் தவிர்ப்பது) சுற்றியாயிற்று, எந்த மாற்றமும் இல்லை.

மோடலில் ஒரு பொருளைத் திருத்திச் சேமித்தால் அட்டவணையில் புதிய மதிப்பு வருகிறது, பக்கவாட்டுப் பலகையில் பழையதே நிற்கிறது.

பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் ஃபில்டர், பக்க எண் எல்லாம் போய்விடுகின்றன.

ரிடக்ஸ் டூல்கிட்டுக்கு மாறுவதா, ஜூஸ்டாண்டா (இரண்டும் ஸ்டேட்டை ஸ்டோர் என்ற பொது இடத்தில் வைக்கும் லைப்ரரிகள்)? அல்லது கான்டெக்ஸ்டைத் துண்டு துண்டாகப் பிரித்தாலே போதுமா? பின்னாளில் சர்வர் ரெண்டரிங் (பக்கத்தை சர்வரிலேயே உருவாக்கி அனுப்புவது) வரவும் வாய்ப்பிருக்கிறது.

---

கண்ணிவலை பதில்:

மெமோ ஏன் உதவவில்லை என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். மெமோ ஒப்பிடுவது ப்ராப்ஸை (காம்பொனென்டுக்கு வெளியிலிருந்து வரும் உள்ளீடுகளை) மட்டும். காம்பொனென்டுக்குள் யூஸ்கான்டெக்ஸ்ட் இருந்தால், ப்ரொவைடரின் வேல்யூ மாறியதும் மெமோவைத் தாண்டி அது ரெண்டர் ஆகியே தீரும். வேல்யூ மாறியதா என்பதை ரியாக்ட் ஆப்ஜெக்ட் டாட் இஸ் (இரண்டும் ஒன்றேதானா என்று பார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன்) கொண்டு பார்க்கிறது. உள்ளே எந்த ஃபீல்ட் மாறியது என்று அது கவலைப்படுவதில்லை. தேடல் சொல் ஒரு எழுத்து மாறினாலும் ஆப்ஜெக்ட் புதிது, அதனால் தீம் மட்டும் படிக்கும் தலைப்புப் பட்டையும் ரெண்டர் ஆகும். வேல்யூவை யூஸ்மெமோவில் (சார்ந்தவை மாறும்வரை பழைய மதிப்பையே தருவது) சுற்றச் சொல்லி யாராவது வருவார்கள். ப்ரொவைடரின் பெற்றோர் காரணமில்லாமல் ரெண்டர் ஆகும்போது அது உதவும். உங்கள் விஷயத்தில் ஆப்ஜெக்ட் உண்மையிலேயே மாறுகிறது, ஆகவே பயனில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். ஆப் ப்ரொவைடர் தன் சொந்த ஜேஎஸ்எக்ஸுக்குள்ளேயே தலைப்பு, அட்டவணை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறதா, இல்லை சில்ட்ரன் ப்ராப் வழியாக வாங்குகிறதா? முதல் வகையென்றால் ஸ்டேட் மாறும்போது கான்டெக்ஸ்டைத் தொடாத காம்பொனென்ட்களும் சேர்ந்து ரெண்டர் ஆகும். சில்ட்ரனாக வாங்கினால் அந்த எலிமென்டின் ரெஃபரன்ஸ் மாறாது, ரியாக்ட் அந்தக் கிளையை விட்டுவிடும்.

கான்டெக்ஸ்டைப் பிரிக்கலாம், ஆனால் பத்து ஃபீல்டுக்கு பத்து ப்ரொவைடர் என்று அடுக்குவது தீர்வல்ல. அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் பகிரப்பட்ட ஸ்டேட்டே அல்ல. யார் உரிமையாளர் என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள்:

பொருள் பட்டியலும் பயனரும் சர்வருடையவை. உங்களிடம் இருப்பது ஒரு நகல், அதற்கு காலாவதி உண்டு. அதைத் தேக்கிவைக்க கேஷ் வேண்டும், ஸ்டோர் வேண்டாம்.

தேடல் சொல், வகை, பக்க எண் மூன்றும் யூஆர்எல்லுக்கு உரியவை. உங்கள் மூன்றாவது சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். இணைப்பை இன்னொருவருக்கு அனுப்பினாலும் அவருக்கு அதே திரை திறக்கும்.

மோடல் திறந்திருக்கிறதா என்பது, அதை ஒரே இடத்திலிருந்துதான் திறக்கிறீர்கள் என்றால், அந்த இடத்தின் உள்ளூர் யூஸ்ஸ்டேட்.

தீம் டாமுக்கு (பிரவுசர் வைத்திருக்கும் பக்க அமைப்பு) உரியது. ரூட் எலிமென்டில் ஒரு டேட்டா ஆட்ரிப்யூட், மீதியை சிஎஸ்எஸ் மாறிகள் பார்த்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் வழியாக தீம் படிக்க வேண்டியது வரைபட லைப்ரரி மாதிரி ஒன்றிரண்டு இடங்களில்தான்.

ஆக மிஞ்சுவது டிக் செய்த வரிசைகள், பக்கவாட்டில் திறந்திருக்கும் பொருள், அறிவிப்புகள். இவ்வளவுக்காகத்தான் ரிடக்ஸா ஜூஸ்டாண்டா என்ற கேள்வி.

யூஆர்எல் பற்றிச் சில நுணுக்கங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் யூஆர்எல்லை மாற்றாதீர்கள். இன்புட்டுக்கு உள்ளூர் ஸ்டேட் வைத்து, 250 முதல் 300 மில்லிசெகண்ட் டிபவுன்ஸுக்கு (தட்டுவது நின்றபின் காத்திருப்பது) பிறகு யூஆர்எல்லில் எழுதுங்கள். குறுகிய நேரத்தில் 100 தடவைக்கு மேல் ரீப்ளேஸ்ஸ்டேட் அழைத்தால் சஃபாரி செக்யூரிட்டி எரர் எறியும், அதற்காகவும்தான். தட்டச்சுக்கு ரீப்ளேஸ் (வரலாற்றில் இருக்கும் பதிவையே மாற்றுவது), வகை மாற்றுவதற்கு புஷ் (புதிய பதிவு சேர்ப்பது). இல்லையென்றால் பின் பொத்தானை ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முறை அழுத்த வேண்டிவரும்.

ஃபில்டர் மாறும்போது பக்க எண்ணை 1 ஆக்குவதை யூஸ்எஃபெக்டில் செய்யாதீர்கள். எஃபெக்ட் ரெண்டருக்குப் பிறகே ஓடும். அதற்குள் புதிய ஃபில்டர், பழைய பக்கம் 7 என்று ஒரு கோரிக்கை கிளம்பிவிடும். காலியான அட்டவணை ஒரு கணம் தெரியும். ஃபில்டரை எழுதும் அதே அழைப்பிலேயே பக்கத்தையும் எழுதிவிடுங்கள். யூஆர்எல்லில் இருந்து வருவதெல்லாம் சரம், அதுவும் யார் வேண்டுமானாலும் கையால் மாற்றக்கூடிய சரம். பக்க எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகள் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரே பார்ஸ் ஃபங்ஷனில் தீர்த்துவைத்து, எல்லாரும் அதையே அழைக்கட்டும்.

---

நூல்கண்டு பதில்:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். சர்வர் பகுதியை மட்டும் விரிக்கிறேன். உங்கள் இரண்டாவது சிக்கலின் வேர் அங்கே.

பக்கவாட்டுப் பலகைக்காக வரிசையைக் கிளிக் செய்ததும் அந்தப் பொருளின் முழு ஆப்ஜெக்டையும் ஸ்டேட்டில் போடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்போதே ஒரு பொருளுக்கு இரண்டு பிரதிகள். சேமித்த பிறகு பட்டியலைப் புதுப்பித்தீர்கள், மற்றதைத் தொடவில்லை. ஸ்டேட்டில் ஐடியை மட்டும் வையுங்கள். பொருளை ரெண்டர் நேரத்தில் பட்டியலிலிருந்து எடுங்கள். வடிகட்டிய பட்டியல், மொத்த எண்ணிக்கை, எல்லாம் டிக் ஆகியிருக்கிறதா என்பவையும் இப்படித்தான். கணக்கிட முடிந்ததை ஸ்டேட்டாக வைத்து, எஃபெக்ட் கொண்டு ஒத்திசைக்க முயன்றால் ஒரு ரெண்டர் நேரத்துக்காவது இரண்டும் முரண்படும். 2,000 வரிசையை வடிகட்ட ஒரு யூஸ்மெமோ தாராளம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது திருத்தும் படிவம். அங்கே நகல் வேண்டும் என்றே எடுக்கிறோம், பயனர் ரத்து செய்யலாம் என்பதால். படிவக் காம்பொனென்டுக்கு பொருளின் ஐடியையே கீ ப்ராப்பாகக் கொடுங்கள். வேறு பொருளைத் திறந்தால் ரியாக்ட் பழைய படிவத்தைக் கழற்றிப் புதிதாக ஏற்றும். ப்ராப் மாறினால் ஸ்டேட்டை மாற்று என்று எஃபெக்ட் எழுதும் வேலை இல்லை.

கேஷுக்கு டான்ஸ்டாக் க்வெரி (சர்வர் தரவைக் கொண்டுவந்து தேக்கிவைக்கும் லைப்ரரி) எடுத்துக்கொண்டால் கவனிக்க வேண்டியவை:

ஸ்டேல்டைம் இயல்பாக 0. வந்த கணமே தரவு பழையதாகக் கருதப்படும், புதிய காம்பொனென்ட் ஏறினாலோ சாளரத்துக்குத் திரும்பி வந்தாலோ மீண்டும் கோரிக்கை போகும். இதைப் பார்த்து பக் என்று நினைப்பவர்கள் ஏராளம். இருப்புத் தரவுக்கு 30 வினாடி, வகைகளின் பட்டியலுக்கு சில நிமிடங்கள் என்று நீங்களே வையுங்கள். ஜிசிடைம் வேறு விஷயம்: யாரும் பயன்படுத்தாத தரவு நினைவகத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பது அது, இயல்பாக 5 நிமிடம். நான்காம் பதிப்பு வரை அதன் பெயர் கேஷ்டைம், அந்தப் பெயரால்தான் இவ்வளவு குழப்பமும்.

க்வெரி ஃபங்ஷன் எதையெல்லாம் சார்ந்திருக்கிறதோ அதெல்லாம் க்வெரி கீயில் இருக்க வேண்டும். சர்வர் பக்கம் வடிகட்டினால் தேடல் சொல், வகை, பக்கம் மூன்றும் கீயில் வரும். ஒன்றை விட்டால் முந்தைய ஃபில்டரின் விடை புதிய ஃபில்டருக்குக் காட்டப்படும். பக்கம் மாறும்போது அட்டவணை வெறுமையாகி மினுக்காமல் இருக்க ஐந்தாம் பதிப்பில் ப்ளேஸ்ஹோல்டர்டேட்டாவுக்கு கீப்ப்ரீவியஸ்டேட்டா கொடுங்கள்.

வந்த தரவை ஸ்டோருக்கு நகலெடுக்காதீர்கள். யூஸ்எஃபெக்ட் வைத்து க்வெரியின் டேட்டாவை ஸ்டோரில் ஊற்றும் நிரல் வரி எங்கே இருந்தாலும் அழியுங்கள். மறுபடி இரண்டு பிரதிகள், மறுபடி அதே பக்.

மீண்டும் கோரிக்கை போய் அதே தரவு திரும்பி வந்தால், மாறாத வரிசைகளின் பழைய ரெஃபரன்ஸையே லைப்ரரி தக்கவைக்கும். மெமோ சுற்றிய வரிசைகள் அதனால் அசையாமல் இருக்கும். ஆனால் இது ஜேசன் வடிவத் தரவுக்கு மட்டும். க்வெரி ஃபங்ஷனில் தேதிச் சரங்களை டேட் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டால் ஒவ்வொரு முறையும் ரெஃபரன்ஸ் புதிதாகும். தேதியைக் காட்டும் இடத்தில் மாற்றுங்கள். யூஸ்க்வெரியின் விடையை மூன்று புள்ளி ரெஸ்ட் போட்டுப் பிரிக்கவும் வேண்டாம்: எந்த ஃபீல்டைப் படிக்கிறீர்கள் என்று லைப்ரரி கவனிக்கிறது, ரெஸ்ட் போட்டால் எல்லாவற்றையும் படித்ததாகக் கணக்கு.

சேமிக்கும்போது விடைக்குக் காத்திராமல் உடனே காட்ட வேண்டுமென்றால் வரிசை இது. ஆன்ம்யூடேட்டில் முதலில் கேன்சல்க்வெரீஸ், அடுத்து இப்போதைய தரவை எடுத்துவைப்பது, பிறகு செட்க்வெரிடேட்டா. ஆன்எரரில் எடுத்துவைத்ததைத் திரும்பப் போடுவது. ஆன்செட்டில்டில் இன்வேலிடேட்க்வெரீஸ். முதல் படியை விட்டால், ஏற்கெனவே பாதிவழியில் இருக்கும் கோரிக்கை பழைய மதிப்போடு வந்து நீங்கள் எழுதியதன் மேல் உட்கார்ந்துவிடும். வேகமாக இரண்டு திருத்தம் செய்தாலும் இப்படி ஒரு தடுமாற்றம் வரும்: முதலாவது முடிந்ததும் நடக்கும் புதுப்பிப்பு, இரண்டாவது திருத்தம் சர்வரை எட்டும் முன் பழையதைக் கொண்டுவரும். ஆன்செட்டில்டில் ஈஸ்ம்யூடேட்டிங் (நடந்துகொண்டிருக்கும் சேமிப்புகள்) எண்ணிக்கை 1 ஆக இருந்தால் மட்டும் இன்வேலிடேட் செய்தால் அது நிற்கும்.

பணம், இருப்புக் குறைப்பு போன்றவற்றுக்கு இந்த முன்கூட்டிய காட்டல் வேண்டாம் என்பதே என் கருத்து. சர்வர் மறுக்கக்கூடியதைத் திரையில் நடந்ததாகக் காட்டுவது பயனரை ஏமாற்றுவது.

---

மேசைவிளக்கு:

இருவருக்கும் நன்றி. ஊகம் சரிதான், முழு ஆப்ஜெக்டைத்தான் வைத்திருந்தேன்.

மிஞ்சியதற்கு ஜூஸ்டாண்ட் ஐந்தாம் பதிப்பைப் போட்டுப் பார்த்தேன். டிக் ஐடிக்களை ஒரு செட்டில் (ஜாவாஸ்கிரிப்டின் Set) வைத்தேன். இரண்டு கேள்வி. செலக்டருக்குள் (ஸ்டோரிலிருந்து வேண்டியதை மட்டும் எடுக்கும் ஃபங்ஷன்) படிக்காத அறிவிப்புகளை ஃபில்டர் செய்து திருப்பினால் மேக்சிமம் அப்டேட் டெப்த் எக்ஸீடட் என்று பக்கமே விழுகிறது. செட்டில் ஆட் செய்தால் எதுவும் நடப்பதில்லை, டிக் தெரிவதில்லை.

---

ஒற்றைவரி பதில்:

இரண்டுக்கும் காரணம் ரெஃபரன்ஸ்தான்.

ஜூஸ்டாண்ட் உள்ளே யூஸ்சிங்க்எக்ஸ்டர்னல்ஸ்டோர் பயன்படுத்துகிறது. ஸ்டோர் மாறாதபோது ஸ்னாப்ஷாட்டும் (அதிலிருந்து எடுத்த மதிப்பு) மாறக்கூடாது என்பது அதன் நிபந்தனை. ஃபில்டர் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிய அர்ரே தரும், ரியாக்ட் மாறிவிட்டது என்று நினைத்து மறுபடி ரெண்டர் செய்யும், மறுபடி புதிய அர்ரே. நான்காம் பதிப்பில் இது தேவையில்லாத ரெண்டராக மட்டும் கழிந்தது, ஐந்தில் முடிவிலாச் சுழல். செலக்டரை யூஸ்ஷாலோவில் சுற்றுங்கள், அல்லது முழு அர்ரேயை எடுத்து காம்பொனென்டில் யூஸ்மெமோ போட்டு வடிகட்டுங்கள். எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் எண்ணையே திருப்புங்கள்; எண்ணுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

செட்: ஆட் அதே செட்டை மாற்றுகிறது, ரெஃபரன்ஸ் மாறவில்லை, யாருக்கும் தெரியவில்லை. பழையதை வைத்து புதிய செட் உருவாக்கி அதில் சேர்த்து அதைக் கொடுங்கள். ஜூஸ்டாண்டின் செட் ஃபங்ஷன் மேல்மட்ட ஃபீல்டுகளை மட்டுமே இணைக்கும், உள்ளே அடுக்கிய ஆப்ஜெக்டை நீங்களே பரப்பி எழுத வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். ரிடக்ஸ் டூல்கிட் என்றால் இம்மர் (மாற்றங்களைப் புதிய பிரதியாக்கும் லைப்ரரி) இருப்பதால் நேரடியாக மாற்றுவதுபோல் எழுதலாம். ஆனால் அங்கே செட் போட்டால் சீரியலைஸ் ஆகாத மதிப்பு என்று எச்சரிக்கை வரும். ஐடி அர்ரே, இல்லையென்றால் ஐடி கீயாக உள்ள ஆப்ஜெக்ட் வையுங்கள்.

வரிசைக் காம்பொனென்டில் முழு செட்டையும் எடுக்காதீர்கள். இந்த ஐடி செட்டில் உண்டா என்ற பூலியனை மட்டும் திருப்பும் செலக்டர் போதும். ஒரு டிக் மாறினால் 2,000 செலக்டரும் ஓடும், ஆனால் அது மலிவான சோதனை. ரெண்டர் ஆவது அந்த ஒரு வரிசை மட்டும். 2,000 வரிசையையும் டாமில் வைத்திருப்பதுதான் பெரிய செலவு. விர்ச்சுவலைஸ் செய்தால் (திரையில் தெரிவதை மட்டும் டாமில் வைத்தால்) கண்ணில் படும் சில பத்து வரிசையோடு முடியும்.

பட்டியலில் இருந்து நீக்கப்பட்ட பொருளின் ஐடி டிக் செட்டில் தங்கிவிடும். அதைத் துரத்தித் துரத்திச் சுத்தம் செய்ய எஃபெக்ட் எழுத வேண்டாம். பயன்படுத்தும் நேரத்தில் செட்டையும் பட்டியலையும் ஒப்பிட்டு, பொதுவானதை மட்டும் எடுங்கள்.

---

பழையசாவி பதில்:

ரிடக்ஸை ஒரேயடியாக ஓரங்கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே நிகழ்வுக்கு நான்கு இடங்கள் எதிர்வினை ஆற்ற வேண்டும், என்ன நடந்தது என்ற பதிவு வேண்டும், பலர் சேர்ந்து எழுதுகிறார்கள் என்றால் ஆக்‌ஷன், ரெட்யூசர் என்ற கட்டுப்பாடு பலன் தரும். அன்டூ வேண்டிய வரைபடக் கருவி, பல படிகள் கொண்ட விண்ணப்பம் இவையெல்லாம் அந்த வகை. இந்தத் திரைக்கு அது கனம் என்பது சரி.

சர்வர் ரெண்டரிங் வரலாம் என்றீர்களே, அதை இப்போதே யோசியுங்கள். மாட்யூல் மட்டத்தில் உருவாக்கிய ஸ்டோர் பிரவுசரில் ஒரு பயனருக்கு ஒன்று. சர்வரில் அதே மாட்யூல் எல்லாக் கோரிக்கைக்கும் பொது. ஒருவரின் பெயரை அதில் எழுதினால் அடுத்தவரின் பக்கத்தில் அது தெரியலாம். உருவாக்கும் கணினியில் நீங்கள் ஒருவரே என்பதால் சோதனையில் பிடிபடாது, நெரிசல் வந்தபிறகுதான் தெரியும். ஜூஸ்டாண்டில் க்ரியேட்டுக்குப் பதில் க்ரியேட்ஸ்டோர் எடுத்து, கோரிக்கைக்கு ஒரு ஸ்டோர் உருவாக்கி, அந்த ஸ்டோரை கான்டெக்ஸ்டில் இறக்குங்கள். கான்டெக்ஸ்டுக்குப் பொருத்தமான வேலை இது: ஸ்டோரின் ரெஃபரன்ஸ் ஒருபோதும் மாறாது, ஆகவே கான்டெக்ஸ்டால் யாரும் ரீரெண்டர் ஆவதில்லை. க்வெரிக்ளையன்டும் அப்படித்தான்: மாட்யூலில் வேண்டாம், காம்பொனென்டில் யூஸ்ஸ்டேட்டின் தொடக்க ஃபங்ஷனில் உருவாக்குங்கள்.

லோக்கல்ஸ்டோரேஜில் எதையாவது நிலைநிறுத்தினால் பர்சிஸ்ட் மிடில்வேரில் மூன்று விஷயம் கட்டாயம். பார்ஷியலைஸ் கொண்டு எது போக வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள், எல்லாம் போகக் கூடாது. வெர்ஷன் எண்ணும் மைக்ரேட் ஃபங்ஷனும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். வடிவம் மாறிய பிறகு பழைய தரவோடு வரும் பயனருக்கு வெள்ளைத் திரை தெரிவது இவை இல்லாததால்தான். சர்வர் ரெண்டரிங்கில் லோக்கல்ஸ்டோரேஜ் கிடையாது; முதல் ரெண்டர் சர்வருடன் பொருந்தாமல் ஹைட்ரேஷன் (சர்வர் அனுப்பிய பக்கத்தோடு ரியாக்ட் இணைவது) எரர் வரும், அதற்கு ஸ்கிப்ஹைட்ரேஷன் வைத்து, ஏறிய பிறகு ரீஹைட்ரேட் அழையுங்கள்.

யாரும் தொடாத ஒன்று வெளியேறுதல். ஸ்டோரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருவதோடு க்வெரிக்ளையன்டில் க்ளியர் அழைக்க வேண்டும். மறந்தால் அதே டேபில் அடுத்து நுழைபவருக்கு முந்தையவரின் பட்டியல் ஒரு நொடி தெரியும். இரண்டு டேப் திறந்திருந்தால் மற்றதற்கும் சொல்ல வேண்டும். ஸ்டோரேஜ் ஈவென்ட் எழுதிய டேபில் எழாது, மற்ற டேப்களில் மட்டும் எழும். பிராட்காஸ்ட்சேனலும் அனுப்பிய ஆப்ஜெக்டுக்குத் திரும்பி வராது. ஆகவே சொந்த டேபின் சுத்தத்தை நேரடியாக அழையுங்கள், செய்தி வந்து செய்யும் என்று விட்டுவிடாதீர்கள்.

வ்யூ (ரியாக்ட் போன்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க்) எழுதுபவர்களுக்கும் இந்தத் திரி பயன்படட்டும்: அதன் ஸ்டோர் லைப்ரரியான பினியாவின் ஸ்டோரை நேரடியாகப் பிரித்து எடுத்தால் ரியாக்டிவிட்டி அறுந்துவிடும், ஸ்டேட்டுக்கும் கெட்டருக்கும் ஸ்டோர்டுரெஃப்ஸ், ஆக்‌ஷனை மட்டும் நேரடியாக எடுக்கலாம். படிக்க மட்டுமான 2,000 வரிசையை ரெஃபில் போட்டால் ஆழம் வரை ப்ராக்ஸி ஏறும். ஷாலோரெஃப் போதும், ஆனால் அதற்குப் பின் உள்ளே திருத்தாமல் அர்ரேயையே மாற்ற வேண்டும்.

---

மேசைவிளக்கு:

பூலியன் செலக்டர் போட்டதும் ப்ரொஃபைலரில் ஒரே வரிசைதான் மின்னுகிறது. தேடலும் யூஆர்எல்லுக்குப் போய்விட்டது. ஒன்று மட்டும்: யூனிட் டெஸ்ட் தனித்தனியாக ஓட்டினால் எல்லாம் தேறுகின்றன, சேர்த்து ஓட்டினால் இரண்டாவது டெஸ்டில் டிக் ஏற்கெனவே இருக்கிறது.

---

ஒற்றைவரி பதில்:

மாட்யூல் மட்ட ஸ்டோர் ஒரே கோப்பில் உள்ள டெஸ்ட்களுக்கிடையே உயிரோடு இருக்கும். பிஃபோர்ஈச்சில் செட்ஸ்டேட்டுக்கு கெட்இனிஷியல்ஸ்டேட்டின் விடையைக் கொடுத்து, இரண்டாம் ஆர்க்யுமென்ட் ட்ரூ வையுங்கள். ட்ரூ இல்லையென்றால் மாற்றாமல் இணைக்கும், டெஸ்ட் புதிதாகச் சேர்த்த கீக்கள் அப்படியே தங்கிவிடும். க்வெரிக்ளையன்டை ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதிதாக உருவாக்கி, ரீட்ரையை ஃபால்ஸ் ஆக்குங்கள். இயல்பாக 3 முறை இடைவெளி கூட்டிக் கூட்டி முயலும், பிழை நிலையைச் சோதிக்கும் டெஸ்ட் அதற்குள் டைம்அவுட் ஆகிவிடும். பழையசாவி சொன்ன க்ரியேட்ஸ்டோர் முறைக்கு மாறினால் முதல் பாதி வேலையே இல்லை, டெஸ்டுக்கு ஒரு ஸ்டோர்.